பெரிய டீச்சரின் முழம்

எங்கள் பள்ளியில் பொருள்களுக்கெல்லாம் பிறந்த நாள் உண்டு. வைத்தது நான்தான். ஒரு சார்ட் எழுதி முடித்தால் அதன் வலது கீழ் மூலையில் சின்னதாகத் தேதி போடுவேன். மணிச்சட்டம் வந்த நாள் அதன் கட்டையின் அடியில் இருக்கிறது. உலக உருண்டையின் நாள் அதன் காலடியில். புளியங்கொட்டை டப்பாவின் மூடிக்குள், கொட்டை மாற்றிய ஒவ்வொரு தடவையின் தேதியும் ஒன்றன்கீழ் ஒன்றாக. "டீச்சர் வீட்டுல சட்னி அரைச்சாக்கூடத் தேதி போட்டுத்தான் மூடி வைப்பாங்க" என்று எங்கள் பள்ளியின் இளைய ஆசிரியர் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள்.

திண்டுக்கல்லில் இருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். சித்தையன்கோட்டைப் பக்கம், மெயின் ரோட்டில் இறங்கி மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே கொஞ்சம் நடந்தால் பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரைதான். தலைமை ஆசிரியை, நான், இளைய ஆசிரியர், மூன்று பேர். ஊர்க்காரர்கள் தலைமை ஆசிரியையைப் 'பெரிய டீச்சர்' என்பார்கள். உருவத்தில் எங்கள் மூவரில் அவர்தான் சின்னவர். கரும்பலகையின் மேல்வரியில் எழுத ஸ்டூல் போட்டுக்கொள்பவர்.

இருபது வருடங்களுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன். அதற்குள் எங்கள் பீரோவில் எத்தனையோ வந்து சேர்ந்துவிட்டன. நான் சேர்ந்த புதிதில் மணல்தட்டு இருந்தது. பிள்ளைகள் விரலால் 'அ' எழுதி, தட்டை ஆட்டி அழித்துவிட்டு மறுபடி எழுதுவார்கள். பிறகு படம் போட்ட அட்டைகள் வந்தன. யானை, முயல், மயில் என்று சின்னங்களைத் தேடி எடுத்துப் பிள்ளைகள் தாங்களாகவே ஏணிப்படி போலப் பாடத்தில் ஏறுவார்கள். பிறகு சி.டி. வந்தது, அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி வரவில்லை. பெட்டி வந்தபோது சி.டி. கீறலாகியிருந்தது. அப்புறம் பாடப்புத்தகத்துக்குள்ளேயே கட்டம் கட்டமாகக் க்யூஆர் கோடு. செல்போனைக் காட்டினால் படம் ஓடும். ஒவ்வொன்று வரும்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது. புதிதாக ஒன்றைத் தொடும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம்.

இவ்வளவும் வந்துபோன நடுவில் இடம் மாறாமல் இருந்தது ஒன்றுதான். வகுப்பறையின் நான்கு சுவர்களிலும், தரையில் இருந்து பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரம் வரை, சுற்றிவர ஓடும் கறுப்புப் பட்டை. பிள்ளைகள் அதைக் கீழ்ப்பலகை என்பார்கள். அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தோம். இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் ஆளுக்கொரு கட்டம் சொந்தம். அதன் மேல் விளிம்பில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கும். அங்கே கணக்குப் போடலாம், படம் வரையலாம், தப்பாக எழுதலாம். சிலேட்டு உடையும், நோட்டு தீரும். கட்டம் அப்படியே இருக்கும்.

அதற்கென்று ஒரு வழக்கமும் வளர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகள் கோவை இலையும் அடுப்புக்கரியும் கொண்டுவந்து கசக்கி, அவரவர் கட்டத்தில் தேய்ப்பார்கள். பச்சையும் கறுப்புமாக முழங்கை வரை வழியும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பலகை புதிதாக மின்னும். ஏப்ரலில் கடைசி நாள், ஐந்தாம் வகுப்பை முடித்துப் போகிற பிள்ளை தன் கட்டத்தைத் தேய்த்துவிட்டு, அடுத்து அது யாருக்கு என்று பெயர் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். யார் பெயரை எழுதப் போகிறார்கள் என்பதில் பங்குனி மாதம் முழுக்கச் சிபாரிசும் கொடுக்காப்புளியும் புழங்கும்.

இந்த வருடம் ஆடியில் ஸ்மார்ட் போர்டு வந்தது. அதற்காகப் பெரிய டீச்சர் திண்டுக்கல்லுக்கு எத்தனை தடவை அலைந்தார் என்று எனக்குத் தெரியும். பள்ளி விட்டுப் போகும் பஸ்ஸில் பல நாள் பக்கத்து சீட்டில் நான்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உப்புமா வாசனை இன்னும் போகாத நேரத்தில், வேனில் வந்து இறங்கியது. கிழக்குச் சுவரில் மாட்டினார்கள். இளைய ஆசிரியர் அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

முதல் பாடமாக மழைக்காடு காட்டினார். திரை முழுக்கப் பச்சை. சடசடவென்று மழைச் சத்தம். பின்வரிசையில் இருந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். பயந்துவிட்டார்களோ என்று பின்னாலேயே போனேன். வெளியே வரிசையாகக் கிடந்த செருப்புகளை அள்ளி அள்ளி உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே சுள்ளென்று வெயில்.

"ஏலே, என்னடா பண்றீங்க?"

"நனைஞ்சுரும்ல டீச்சர்!"

அந்த வாரம் நிலா வந்தது, எரிமலை வந்தது, திமிங்கிலம் வந்தது. திமிங்கிலம் திரையின் ஓரத்தில் மறைந்ததும் ஒருவன் எழுந்துபோய்ச் சுவருக்கும் போர்டுக்கும் இடையில் எட்டிப் பார்த்தான். நானும் தொட்டுப் பார்த்தேன். விரலை இழுத்த இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தபோது, சொல்வதற்கென்ன, முதன்முதலாகச் சாக்பீஸ் பிடித்த நாளின் சந்தோஷம் இருந்தது.

இனி அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு. சின்னாளப்பட்டியில் இருந்து வந்தவள். அம்மா அங்கே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை பார்த்தவர். இப்போது பிறந்த ஊரான இங்கே வந்து, வீட்டிலிருந்து பூக் கட்டுகிறார். ஜூனில் கட்டம் பிரித்த பிறகுதான் இந்தப் பிள்ளை வந்து சேர்ந்தாள். அதனால் வேறொருத்தியின் கட்டத்தில் பாதியைக் கோடு போட்டுக் கொடுத்தோம். அன்றிலிருந்து தினமும் எல்லைத் தகராறு.

"டீச்சர், இவ 'ழ' போட்டா வாலு என் பக்கம் வருது."

"'ழ'வுக்கு வாலு இருந்தா நான் என்ன செய்ய?"

"சின்ன வாலாப் போடு. ஒன் ஊரு 'ழ' மட்டும் இம்புட்டு நீட்டமா?"

ஆவணி பிறந்ததும் ஒரு குடும்பம் வேலைக்காகத் திருப்பூர் போனது. அந்தப் பையனின் கட்டம் காலியானது. கிழக்குச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சம் நேராக விழும் கட்டம். வெள்ளிக்கிழமை மாலை அவளிடம் அதைக் காட்டி, இது உனக்கு என்றேன்.

"எனக்கேவா? முழுசாவா?"

"முழுசாத்தான்."

"நடுவுல கோடு போடணுமா?"

"வேண்டாம்."

அவள் உடனே ஒன்றும் எழுதவில்லை. உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, இந்த விளிம்பில் இருந்து அந்த விளிம்பு வரை தொட்டுப் பார்த்தாள். பிறகு கோவை இலைக்கு ஓடினாள்.

அடுத்த திங்கட்கிழமை, காலைக் கூட்டத்தில் பெரிய டீச்சர் அறிவித்தார். வரும் வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் எல்லோரும் பள்ளிக்கு வருகிறார்கள். ஸ்மார்ட் போர்டில் பாடம் நடக்கும். சனிக்கிழமை பெயிண்டர் வருகிறார். வகுப்பறை முழுக்க வெள்ளை அடிக்கப்படும். கீழ்ப்பலகை இனி இருக்காது.

பிள்ளைகளுக்கு முதலில் புரியவில்லை. கைதட்டினார்கள். வகுப்புக்குள் வந்து சுவரைப் பார்த்த பிறகுதான் சத்தம் அடங்கியது.

இடைவேளையில் நான் பெரிய டீச்சரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஏன் டீச்சர் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? நான் என்ன பள்ளிக்கூடத்தையா இடிக்கப் போறேன்?" என்றார். "போர்டு மாட்ட வந்தவங்க சொன்னதக் கேட்டீங்கள்ல? சாக்பீஸ் தூசி அதுக்கு ஆகாதாம். ரூமும் இருட்டா இருக்கு. நாலு பக்கமும் கறுப்பு. வத்தலக்குண்டு இங்கிலீஷ் மீடியத்துக்கு வேன்ல பிள்ளைய அனுப்பற பெத்தவங்களையும் கூப்பிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமை போர்டப் பாக்கட்டும். மறுவாரம் ரூமப் பாக்கட்டும், பளிச்சுன்னு. அதுக்கப்புறமாவது நம்ம ஊருப் பிள்ள நம்ம பள்ளிக்கூடத்துக்கு வரட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வருடா வருடம் வேனில் ஏறும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். அவர் கவலை எனக்கும் உண்டு. "பிள்ளைங்க வருத்தப்படுறாங்க" என்று மட்டும் சொன்னேன். "ரெண்டு நாள் வருத்தப்படுவாங்க. அப்புறம் திமிங்கிலத்தப் பாப்பாங்க" என்றார்.

அந்தச் சிறுமி சும்மா இருக்கவில்லை. கட்டம் கிடைத்து மூன்றாம் நாளே பறிபோகிறது என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. முதலில் என்னிடம் வந்தாள். நான் கையை விரித்தேன். பிறகு இளைய ஆசிரியரிடம் போனாள். அவர், "பெரிய டீச்சர்கிட்ட கேளு தாயி" என்று தப்பித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மதியம் நேராகப் பெரிய டீச்சரிடமே போய்விட்டாள்.

"டீச்சர், என் கட்டத்த மட்டும் விட்டுட்டு அடிக்கச் சொல்லுங்க. ஓரத்துலதான் இருக்கு. யாருக்கும் தெரியாது."

"வெள்ளச் சுவத்துல உன் கட்டம் மட்டும் கறுப்பா இருந்தா யாருக்கும் தெரியாதா?"

"நான் மறைச்சு உக்காந்துக்குவேன்."

பெரிய டீச்சர் சிரித்துவிட்டார். "எல்லாரும் இப்படிக் கேட்டா நான் வெள்ளைய எங்க போயி அடிக்கிறது தாயி? பெரிய போர்டு வந்திருக்குல்ல, அதுல எழுதலாம்."

"அதுல எல்லாரும் எழுதுவாக. இதுல நான் மட்டும்தான் எழுதுவேன்."

அதற்குள் மணி அடித்தது.

அந்த வாரம் கீழ்ப்பலகையில் எழுதியதைப்போல் பிள்ளைகள் என்றும் எழுதியதில்லை. விட்டுப்போகும் வீட்டை ஒழிக்கிறவர்களைப் போலத் தெரிந்ததையெல்லாம் எடுத்து வைத்தார்கள். வாய்ப்பாடு, ஆடு, மாரியம்மன் கோயில் கோபுரம், தாத்தாவின் டி.வி.எஸ். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், ஒவ்வொருவர் பையிலும் கோவை இலை.

"நாளைக்கு வெள்ளை அடிக்கப் போறாங்கடா. இன்னைக்கு எதுக்கு இலை?" என்றார் இளைய ஆசிரியர்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல சார்" என்றான் ஒருவன், இது கூடத் தெரியாதா என்பதுபோல.

பெற்றோர்கள் வருவதற்கு முன்பே தேய்த்துவிட்டார்கள். நாளை மறையப்போகிற சுவர் அன்று காலை ஈரமாக மின்னியது. பெரிய டீச்சர் உள்ளே வந்து, ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு, "கைய நல்லாக் கழுவுங்க, பெத்தவங்க வர்றாங்க" என்று மட்டும் சொன்னார்.

மதியம் பெற்றோர்கள் வந்தார்கள். அந்த நேரத்துக்கு அம்மாக்கள்தான் வர முடியும். பாதிப்பேர் கட்டிக்கொண்டிருந்த பூவைப் பையோடு கொண்டுவந்து, உட்கார்ந்ததும் கட்ட ஆரம்பித்தார்கள். அறை முழுக்க மல்லிகை வாசம். வேனில் பிள்ளையை அனுப்பும் இரண்டு பேர் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய டீச்சரே பாடம் எடுத்தார். நீளத்தை அளத்தல். எங்களிடம் பயிற்சி எடுத்து நன்றாகத் தயாராகியிருந்தார். திரையில் ஒரு மஞ்சள் பென்சில் படம் வந்தது. அடியில் ஒரு ஸ்கேல் தோன்றியது. அவர் விரலால் ஸ்கேலை இழுத்துப் பென்சிலுக்கு நேராக வைத்தார். அம்மாக்களின் கை பூவில் நின்றது. அழகாகத்தான் இருந்தது.

"பாருங்க. பூஜ்ஜியத்துல ஆரம்பிக்குது. எங்க முடியுது? எட்டு. அப்ப இந்தப் பென்சிலோட நீளம் எத்தனை?"

"எட்டு சென்டிமீட்டர்!" என்று வகுப்பே சொன்னது.

ஒரு குரல் மட்டும் பிந்தி வந்தது. "டீச்சர், அது எட்டு இல்ல."

அந்தச் சிறுமிதான். எழுந்து நின்றிருந்தாள்.

"ஸ்கேல்ல எட்டுதான காட்டுது?"

"காட்டுது டீச்சர். ஆனா அந்தப் பென்சிலு என் கையவிட நீட்டமா இருக்கு. எட்டுன்னா இம்புட்டுத்தான் இருக்கும்." விரல்களை விரித்துக் காட்டினாள்.

பெரிய டீச்சர் யோசிப்பதற்குள் அவள் மூலையில் சாய்த்து வைத்திருந்த மர மீட்டர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போய்விட்டாள். எக்கி நின்று, திரையில் இருந்த பென்சிலின் மேல் மர ஸ்கேலை வைத்தாள். பென்சில் ஐம்பதைத் தாண்டியது.

அவள் திரும்பி, வகுப்பையும் விட்டுவிட்டு, தரையில் இருந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்: "எம்மா! இந்தப் போர்டு தாராளமா மொழம் போடுது!"

அம்மாக்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பூக் கட்டுகிறவர்கள் காலமெல்லாம் கேட்கும் வசவு ஒன்றே ஒன்றுதான்: உன் முழம் குட்டை. முழம் தாராளமாக இருக்கிறது என்ற குறையை அவர்கள் கேட்டதே இல்லை.

"பெரிய டீச்சர், அந்தப் போர்டக் கொண்டுபோயி பூ மார்க்கெட்டுல வைங்க" என்றார் ஒருவர். "வாங்க வாறவுக அம்புட்டுப் பேரும் இங்கனதான் நிப்பாக."

"வித்தவ வீடு போய்ச் சேந்த மாதிரிதான்" என்றார் இன்னொருவர்.

இளைய ஆசிரியர் உதவிக்கு ஓடினார். "பெருசாத் தெரியுது, அவ்வளவுதான். சின்னதாக்கிடலாம்." இரண்டு விரலால் திரையைக் குறுக்கினார். பென்சிலும் சுருங்கியது, ஸ்கேலும் கூடவே சுருங்கியது. சுண்டுவிரல் அளவுக்கு வந்த பென்சிலின் நுனி அப்போதும் எட்டில்தான் நின்றது.

"ஆத்தி, சுருங்குனாலும் எட்டுதானா?" என்று ஒரு பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். சிரிப்பு மறுபடி கிளம்பியது. நாற்காலியில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பெரிய டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் அலைந்து வாங்கிய போர்டு, அழைத்து உட்காரவைத்த பெற்றோர்கள். ஆனால் அவர் அடிப்படையில் நல்ல ஆசிரியர். நல்ல கேள்வி ஒன்று வகுப்பில் விழுந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் சிரித்துவிட்டார். கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி. போர்டு காட்டுறது படம். இந்தியா மேப்புல நம்ம ஊரு புள்ளி மாதிரி இருக்குல்ல, அது மாதிரி. அப்ப நிஜமான எட்டு சென்டிமீட்டர் எவ்வளவு? வரைஞ்சு காட்டுங்க. எல்லாரும் அவங்கவங்க கட்டத்துக்குப் போங்க!"

சொல்லி முடிக்கும் முன்பே வகுப்பு முழுவதும் முதுகைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. ஸ்மார்ட் போர்டைப் பார்க்க ஒருவரும் இல்லை. சாக்பீஸ்கள் கீச்சிட்டன. காலையில் தேய்த்த கறுப்பில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று விழுந்தன. முதலில் குத்துமதிப்பாக ஒரு கோடு, பிறகு ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து அலறல்.

அந்தச் சிறுமி எட்டை வரைந்துவிட்டு, "எம்மா, ஒன் மொழம் எத்தனைன்னு பாப்பமா?" என்றாள். அவள் அம்மா எழுந்து போய், பிள்ளையின் கட்டத்துக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, முழங்கையைச் சுவரில் வைத்தார். பிள்ளை நடுவிரல் நுனியில் ஒரு கோடு, முழங்கையில் ஒரு கோடு போட்டாள்.

அவ்வளவுதான். அத்தனை அம்மாக்களும் எழுந்துவிட்டார்கள்.

"தள்ளுடி, என் மொழத்தையும் போடட்டும் என் மகன்."

"ஒன் மொழத்துல பூ வாங்குனா கொண்டைய ஒரு சுத்து சுத்தாது. அதயும் சுவத்துல வேற எழுதணுமாக்கும்."

"நேத்து ஒன்கிட்ட வாங்குனேன்ல, சாமி படத்துல ஒரு பக்கந்தேன் தொங்குச்சு!"

நான் பல புத்தகங்களில் படித்திருக்கிறேன்: மீட்டர் என்ற அளவு பூமியின் சுற்றளவில் இருந்து பிறந்தது என்று. அதற்கு முன்னால் எல்லா நாட்டிலும் அளவு மனிதக் கையில் இருந்துதான் பிறந்தது என்று. படித்ததை அன்று கண்ணால் பார்த்தேன். சுவரைச் சுற்றிலும் முழங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே மர ஸ்கேலால் அளந்த எண். ஒன்றுபோல இன்னொன்று இல்லை. "எல்லாருக்கும் ஒரே அளவு எதுக்கு வேணும்னு இப்பத் தெரியுதா?" என்று பெரிய டீச்சர் கேட்டபோது, பதில் சொல்ல அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. "சண்டை வராம இருக்க!" என்று கத்தினார்கள்.

"பெரிய டீச்சர், நீங்களும் கைய வைங்க" என்றார் யாரோ ஓர் அம்மா.

அவர் தயங்கினார். பிறகு வளையலை மேலே ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே அந்தச் சிறுமியின் கட்டத்தில் கையை வைத்தார். அவள் இரண்டு கோடு போட்டாள். அளந்தாள். ஒவ்வொரு கட்டமாகப் போய் எல்லா எண்ணையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"டீச்சர், ஒங்க மொழம்தான் இருக்கிறதுலயே சின்ன மொழம்."

"பெரிய டீச்சர் பூ விக்கப் போனா லாபந்தேன்!" என்றார் அவள் அம்மா. அன்று பெரிய டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

எல்லோரும் போன பிறகு பார்த்தேன். அந்தச் சிறுமி தன் கட்டத்தில், அந்த முழத்தின் கீழ், பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தாள்: 'பெரிய டீச்சர் முழம். அழிக்காதீர்கள்.' பலகையில் முக்கியமான எதையாவது விட்டுவைக்க வேண்டும் என்றால் நாங்கள் எழுதுவது அதுதான். பிள்ளைகள் அதை மீறியதில்லை.

சனிக்கிழமை விடுமுறைதான். ஆனாலும் நான் போனேன். சுவர் என்ன ஆகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் பள்ளி வாசலில் இருந்தார்கள். அந்தச் சிறுமி படியில் உட்கார்ந்திருந்தாள். பெயிண்டர், வெள்ளை வாளிகளை இறக்கி வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஆரம்பிக்கலையா?" என்றேன்.

"அழிக்காதீர்கள்னு எழுதிருக்குல்ல டீச்சர். நானும் இந்தப் பள்ளிக்கூடத்துலதேன் படிச்சேன். ஒருக்க அத அழிச்சிட்டு வாங்குன அடி இன்னும் ஞாபகம் இருக்கு. பெரிய டீச்சர் வரட்டும்."

செத்த நேரத்தில் பெரிய டீச்சர் வந்தார். உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். நேற்றைய முழங்கள் அப்படியே இருந்தன. ஒரு சுற்று நடந்து, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். தன் முழத்தைப் பார்த்தார்.

"டீச்சர், நேத்து நான் ஏன் பிள்ளைங்களக் கட்டத்துக்குப் போகச் சொன்னேன்?"

"பழக்கத்துல வந்திருக்கும்" என்றேன்.

"பழக்கம் இல்ல டீச்சர். வேற எங்க போகச் சொல்றது?"

வாசலுக்கு வந்து பெயிண்டரைக் கூப்பிட்டார். போர்டு இருக்கும் கிழக்குச் சுவருக்கு மட்டும் வெள்ளை. மற்ற மூன்று சுவரிலும் கீழே புதிதாகக் கறுப்பு, மேலே வெள்ளை. சாக்பீஸ் எடுக்கும்போது தூசி படாமல் போர்டுக்கு ஒரு துணித்திரை போட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். படியில் இருந்தவள் மட்டும் கூச்சலிடவில்லை. அவள் கட்டம் கிழக்குச் சுவரில்.

பெரிய டீச்சருக்கும் அது அப்போதுதான் உறைத்தது. "கிழக்குச் சுவத்துப் பிள்ளைங்களயும் மத்த மூணு சுவத்துல சேத்துக்கிட்டா?" என்று பெயிண்டரிடம் கேட்டார்.

அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கொள்ளாது டீச்சர். ஒரு கட்டம் ஒரு மொழமும் ஒரு சாணும் இருக்கு. இம்புட்டுப் பேருக்கு எடம் பத்தாது. பாதி பாதியா வேணா போடலாம்."

"பாதி வேணாம்" என்றாள் அந்தச் சிறுமி சட்டென்று. பாதிக் கட்டத்தின் துயரம் அவளைவிட யாருக்குத் தெரியும்? எழுந்து உள்ளே போனாள். சுவரையும் தன் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"சாணு வேணாம் டீச்சர். எல்லாருக்கும் ஒரு மொழம். ஒங்க மொழத்துல."

"என் மொழமா?"

"அதுதான சின்ன மொழம். அதுல போட்டா எல்லாரும் கொள்ளுவோம்."

பெயிண்டர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "பிள்ள சொல்றது சரிதேன் டீச்சர். கொள்ளும்."

கறுப்பு பெயிண்ட் வாங்கிவர ஒருவர் வத்தலக்குண்டுக்குப் போனார். மாலைக்குள் மூன்று சுவரும் அடித்து, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தது. பிறகு அளவு. மர ஸ்கேல் இருக்கிறது, அதை வைத்து அளக்கலாம் என்று நான் சொன்னேன். பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. பெரிய டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, முழங்கையைச் சுவரில் வைத்தார். பெயிண்டர் விரல் நுனியில் கோடு கிழித்தார். அவர் நகர்ந்து, அந்தக் கோட்டில் முழங்கையை வைத்தார். மறுபடி ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் பிள்ளைகள் யாருடையது என்று பெயரைக் கத்தினார்கள். மேற்குச் சுவர் முடிந்தது. தெற்குச் சுவர் முடிந்தது. வடக்குச் சுவரின் ஜன்னலடியில் அந்தச் சிறுமியின் பெயர் வந்தபோது அவள் கத்தவில்லை. ஓடிப்போய் அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எல்லோருக்கும் கொடுத்த பிறகு, வாசல் பக்கம் ஒரு கட்டம் மிஞ்சியது.

"அதுவும் எனக்கா டீச்சர்?" என்றாள்.

"ஆசையப் பாரு" என்றார் பெரிய டீச்சர், முழங்கையைத் தடவிக்கொண்டே. "அது இனிமே வரப்போற பிள்ளைக்கு."

நான் வழக்கம்போல மூலையில் தேதி போடக் குனிந்தேன். "நல்லாக் காயட்டும் டீச்சர், உங்க தேதி எங்கயும் ஓடிப்போயிராது" என்றார் பெயிண்டர்.

திங்கட்கிழமை காலை பெரிய டீச்சர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் முழங்கையில் கறுப்பு இன்னும் போகவில்லை. பள்ளியில் எங்களுக்கு முன்னால் அந்தச் சிறுமியின் அம்மா காத்திருந்தார். கையில் ஒரு பழைய நீலச் சுங்குடிச் சேலை, போர்டின் திரைக்காக. முன்பு அவரே முடிச்சுப் போட்டதாம். இளைய ஆசிரியர் அதைப் போர்டின் மேல் தொங்கவிட்டுப் பார்த்தார். வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். "டீச்சர், இது பெருக்கல் வாய்ப்பாடு" என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார்.

நான் தேதி போட வாசல் பக்க மூலைக்குப் போனேன். மிஞ்சிய கட்டத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். மற்ற கட்டங்களில் மேல் விளிம்பில் பெயர் இருக்குமே, அந்த இடத்தில், பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பவர்கள் சொல்வதை:

'ஆள் வருது.'

கையெழுத்து யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் தேதியைப் போட்டேன்.